ஒரே துப்பாக்கி, முப்பது கம்பெனி: காப்புரிமை முடிந்த வடிவங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்புரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பம்புசெட், கிரைண்டர், தறி உதிரிபாகம் என்று வருகிற வேலைகளுக்கு நடுவே, துப்பாக்கியைப் பற்றி இத்தனை பேர் கேட்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. கல்லூரியில் வகுப்பெடுக்கப் போனால் வீடியோ கேம் ஆடுகிற பையன்கள் கேட்கிறார்கள். ரைஃபிள் கிளப் நண்பர் கேட்கிறார். பட்டறை வைத்திருக்கும் மாமா கேட்கிறார். கேள்வி எல்லாம் சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: ஒரே துப்பாக்கியை எப்படி இத்தனை பேர் செய்கிறார்கள், யாரும் கேட்பதில்லையா?

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை, அந்த ஆசையும் கிடையாது. ஆனால் காப்புரிமை எப்படிப் பிறந்து எப்படி முடிகிறது என்று காட்டத் துப்பாக்கியைப் போலத் தோதான பொருள் குறைவு. மருந்து மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இதை மேஜையில் பிரித்துப் போட்டால் எந்தத் துண்டு யாருடைய யோசனை என்று விரல் வைத்துச் சொல்லலாம். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

1. துப்பாக்கிக்குக்கூடவா பேட்டன்ட் கொடுப்பாங்க? அது ஆயுதமாச்சே சார்?

கொடுப்பார்கள், கொடுத்திருக்கிறார்கள். சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836 பிப்ரவரி 25-ல். நம் 1970 காப்புரிமைச் சட்டம் அணுசக்தி சார்ந்த கண்டுபிடிப்புகளை 4-ஆம் பிரிவில் நேராகவே ஒதுக்குகிறது. ஆயுதங்களுக்கு அப்படி ஒரு வரி இல்லை. பாதுகாப்புத் துறைக்குத் தேவைப்படும் என்று தோன்றினால் 35-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பத்தை ரகசியமாக வைக்கச் சொல்லலாம், அவ்வளவே.

முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, முழுத் துப்பாக்கிக்கும் யாரும் பட்டா வாங்குவதில்லை. குழல் பின்னால் நகர்ந்து பூட்டு விடும் முறை, தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை வாயு தள்ளும் பாதை என்று குறிப்பிட்ட ஒரு வேலைப்பாட்டுக்குத்தான் உரிமை. ஒரு துப்பாக்கிக்குள் நாலைந்து காப்புரிமைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் முடிவது சகஜம்.

2. எத்தனை வருஷம் செல்லும்?

இப்போது இந்தியாவிலும் அமெரிக்காவிலும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். பழைய கதைகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டால் தப்பாகும். அமெரிக்காவில் தொடக்கத்தில் 14 ஆண்டுகள், கெஞ்சிக் கேட்டால் இன்னும் 7. 1861-லிருந்து, வழங்கிய நாள் முதல் 17 ஆண்டுகள். 20 ஆண்டுக் கணக்கு 1995 ஜூனில்தான் வந்தது. கீழே வரும் தேதிகள் எல்லாம் அந்தந்தக் காலத்துக் கணக்குப்படி.

3. முடிஞ்சதும் யார் வேணாலும் செய்யலாம்னா, நானும் செய்யலாமா?

கூடாது. இதைச் சொல்லாமல் ஒரு வகுப்பையும் நான் முடிப்பதில்லை. காப்புரிமை முடிந்தால் கண்டுபிடித்தவர் உங்களைத் தடுக்க முடியாது. அரசாங்கம் தடுக்கும். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் விற்பதும் வைத்திருப்பதும் இந்தியாவில் குற்றம். அமெரிக்காவிலும் தயாரித்து விற்கும் தொழிலுக்குக் கூட்டரசின் உரிமம் வேண்டும். காப்புரிமை ஒரு வாசல், ஆயுத உரிமம் வேறு வாசல். ஒன்று திறந்திருப்பதால் மற்றது திறந்துவிடாது. கீழே "யார் வேண்டுமானாலும்" என்று நான் எழுதுகிற இடத்தில் எல்லாம் "உரிமம் பெற்ற தயாரிப்பாளர்" என்று படியுங்கள்.

4. ஒருத்தரோட பேட்டன்ட் முடியுதேன்னு மத்தவங்க காத்துக்கிட்டு இருந்த கதை எதாவது இருக்கா?

அமெரிக்க ரிவால்வர் வரலாறே அந்தக் கதைதான். கோல்ட்டின் 1836 காப்புரிமை 7 ஆண்டு நீட்டிப்போடு 1857 வரை ஓடியது. அதுவரை மற்றவர்கள் கை கட்டி நின்றார்கள். மீறிய மாசசூசெட்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனியை 1851-ல் கோல்ட் நீதிமன்றத்தில் தோற்கடித்தார். 1857-ல் கதவு திறந்ததும் ரெமிங்டன் உட்படப் பலரும் ரிவால்வர் செய்ய இறங்கினார்கள்.

அதே ஆண்டில் இன்னொரு கதவு மூடியது. ரோலின் வைட் என்பவர் ஒரு காலத்தில் கோல்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரிவால்வரில் குண்டுகள் நிற்கும் சுழல் உருளையின் அறைகளை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஊடுருவத் துளைத்து, உலோகத் தோட்டாவைப் பின்னாலிருந்து போடலாம் என்பதற்கு 1855 ஏப்ரல் 3-ல் காப்புரிமை பெற்றிருந்தார். ஹொரஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் அதைத் தங்களுக்கு மட்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் ராயல்டி. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு கொக்கி: யாராவது மீறினால் வழக்கு நடத்தும் செலவு வைட்டின் தலையில். உள்நாட்டுப் போர்க் காலம் முழுக்கக் கோல்ட்டும் ரெமிங்டனும் உருளையில் வெடிமருந்துத் தூளும் குண்டும் தனித்தனியாக அடைக்கும் ரிவால்வரையே செய்துகொண்டிருக்க, பின்னாலிருந்து தோட்டா போடும் ரிவால்வர் ஸ்மித் & வெஸ்ஸனிடம்தான். முன்பக்கமாகத் தோட்டா நுழையும்படி விசித்திரமான வடிவங்களைச் செய்து தப்பப் பார்த்தவர்களும் உண்டு. இன்று அவற்றைப் பார்த்தால் ஒரு சட்ட வாசகத்தைச் சுற்றிக் கட்டிய இயந்திரம் போல இருக்கும்.

14 ஆண்டு 1869-ல் முடிந்தது. வழக்குச் செலவில் நொந்துபோன வைட், நீட்டிப்புக் கேட்டு நாடாளுமன்றம் வரை போனார். அவர்கள் மசோதாவும் நிறைவேற்றினார்கள். ராணுவத்துக்கு இடைஞ்சல் என்று ஆயுதத் துறை சொன்னதைக் கேட்டு 1870 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கிராண்ட் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று ஆண்டு கழித்து, 1873-ல், கவ்பாய் படங்களில் நாம் பார்க்கிற சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வரைக் கோல்ட் களமிறக்கியது. அதே ரிவால்வரை இன்று இத்தாலியில் உபெர்ட்டியும் பியெட்டாவும் செய்து அமெரிக்காவுக்கே விற்கிறார்கள்.

5. அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கிட்டா உலகம் பூரா செல்லுமா?

செல்லாது. எந்த நாட்டில் வாங்கினீர்களோ அந்த நாட்டு எல்லையோடு சரி. ஸ்பெயினில் ஐபார் என்றொரு ஊர், பட்டறைகளால் ஆனது. அந்தக் காலத்து ஸ்பெயின் சட்டப்படி, வெளிநாட்டுக்காரர் அங்கே காப்புரிமை வாங்கினாலும் 3 ஆண்டுக்குள் அந்த மண்ணிலேயே உற்பத்தியைத் தொடங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் உரிமை போய்விடும். ஸ்மித் & வெஸ்ஸனோ பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனமோ ஐபாரில் ஆலை போடவில்லை. ஐபார்க்காரர்கள் எந்தக் கூச்சமும் இல்லாமல் இருவரையும் நகலெடுத்தார்கள்.

அதில் பேர் போனது ரூபி பிஸ்டல். அமெரிக்க வடிவமைப்பாளர் பிரவுனிங் எஃப்.என்.னுக்கு வரைந்த 1903 வடிவத்தின் வழியில் வந்தது. முதல் உலகப்போரில் ஆயுதம் போதாமல் தவித்த பிரான்ஸ், 1915-ல் மாதம் 10,000 வேண்டும் என்று கபிலோண்டோ கம்பெனியிடம் கேட்டது. அவர்களால் முடியவில்லை, பக்கத்துப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பிறகு பட்டறைகள் நேராகவே பிரான்சிடம் வேலை பிடித்தன. எல்லாம் பார்வைக்கு ஒரே பிஸ்டல். ஆனால் ஒரு பட்டறையின் மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி, இன்னொரு பட்டறையின் பிஸ்டலில் ஒழுங்காக உட்காராது. எது யாருடையது என்று தெரிய எழுத்து முத்திரை பார்த்துப் பொருத்த வேண்டியிருந்தது. போர்முனையில் குளிரில், சேற்றுக் கையோடு, எழுத்துக்கூட்டிப் பார்த்து மேகசின் தேடுகிற சிப்பாயை நினைத்துப் பாருங்கள். 10-ஆம் கேள்விக்கு இந்தச் சிப்பாய் மறுபடியும் தேவைப்படுவார்.

6. 1911 பிஸ்டல்னு ஒண்ணை எல்லாக் கம்பெனியும் செய்யுது. அது யாருது?

வரைந்தது ஜான் மோசஸ் பிரவுனிங், காப்புரிமையை வைத்திருந்தது கோல்ட். 1911 பிப்ரவரி 14-ல் வழங்கப்பட்டு, 17 ஆண்டு கழித்து 1928-ல் முடிந்தது. அமெரிக்க ராணுவம் 1985 வரை அதையே தன் பிஸ்டலாக வைத்திருந்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இரண்டாம் உலகப்போர். கோல்ட்டால் மட்டும் முடியாது என்று ராணுவம் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. யாருக்கு? டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்டுக்கு. அவர்கள் 8 லட்சத்துக்கும் மேல் செய்து கோல்ட்டையே முந்தினார்கள். ரயில்வே சிக்னல் செய்த யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னலுக்கு. வேட்டைத் துப்பாக்கி செய்த இத்தாக்காவுக்கு. நம் பாட்டி வீட்டுத் தையல் மிஷினைச் செய்த அதே சிங்கருக்கும். சிங்கர் செய்தது 500 மட்டும். இன்று சேகரிப்பாளர்கள் அதற்காக அடித்துக்கொள்கிறார்கள். டைப்ரைட்டர்க்காரரின் ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பாகம்) சிக்னல்காரரின் ஃபிரேமில் (கைப்பிடியுள்ள அடிப்பாகம்) ஏற வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் நிபந்தனை. ரூபியில் இல்லாதது இதுவே.

இப்போது கவனியுங்கள். காப்புரிமை 1928-ல் முடிந்தும் கடைகளில் நகல்கள் குவியவில்லை. போர் முடிந்ததும் ராணுவத்தின் உபரி பிஸ்டல்கள் சல்லிசாகக் கிடைத்தன, புதிதாகச் செய்து போட்டியிடுவது கட்டுபடியாகாத வேலை. உபரி வற்றி, போட்டிச் சுடுதல் பரவிய பிறகு, 1970-களின் பிற்பாதியிலிருந்துதான் ஒவ்வொருவராக வந்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி, கிம்பர், 2003-ல் ஸ்மித் & வெஸ்ஸன், நூற்றாண்டையொட்டி 2011-ல் ரூகர், பிலிப்பைன்ஸிலிருந்து ஆர்ம்ஸ்கோர், துருக்கியிலிருந்து டிசாஸ். காப்புரிமை முடிந்தால் உடனே கூட்டம் வரும் என்று நினைப்பவர்களிடம் நான் இந்த 50 ஆண்டு இடைவெளியைத்தான் காட்டுவேன். கதவு திறப்பது ஒன்று, உள்ளே வர லாபம் இருப்பது இன்னொன்று.

7. கண்டுபிடிச்சவரே தன்னோட பேட்டன்டை மீறினா தப்பா?

விற்றுவிட்டால் தப்புதான். சொந்த வீட்டை விற்றவர் பழைய சாவியோடு உள்ளே போக முடியுமா? பிரவுனிங்குக்கே இது நடந்தது. பிரெஞ்சு ராணுவத்துக்காகப் புதிய பிஸ்டல் ஒன்றை அவர் எஃப்.என். நிறுவனத்துக்கு வரைந்தபோது, 1911 பிஸ்டலில் இருந்த, கோல்ட்டுக்கு விற்றுவிட்ட தன் சொந்த யோசனைகளையே சுற்றி வளைத்துத் தவிர்க்க வேண்டியிருந்தது. வேலை முடிவதற்குள் 1926 நவம்பரில் பெல்ஜியத்தில் எஃப்.என். தொழிற்கூடத்திலேயே இறந்துபோனார்.

அவருக்குப் பின் வேலையை எடுத்தவர் தியோதொனே சேவ். 1928-ல் கோல்ட்டின் காப்புரிமை முடிந்ததும், பிரவுனிங் விலக்கி வைத்த பிரவுனிங்கின் அம்சங்களை எடுத்து இதில் சேர்த்தார். 1935-ல் வெளிவந்த ஹை-பவர் பிஸ்டல் அப்படிப் பிறந்ததுதான். பின்னாளில் ஏறக்குறைய உலகம் முழுக்கப் போனது. கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் ஆலையில் நம் படைகளுக்காகச் செய்த 9 மி.மீ. பிஸ்டலும் இந்த வடிவமே.

8. ஏஆர்-15 ரைஃபிள்? அதுக்குத்தான் ரொம்பக் கம்பெனி இருக்கு போல?

எண்ணி மாளாது. 'ஏஆர்' என்பது ஆர்மலைட் கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. அங்கே வேலை பார்த்த யூஜின் ஸ்டோனரின் வாயு இயக்க முறைக்கு 1960 செப்டம்பர் 6-ல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பே, 1959-ல், ஆர்மலைட் இதன் உரிமைகளைக் கோல்ட்டுக்கு விற்றிருந்தது. ராணுவ வடிவம் எம்16 ஆனது. குடிமக்களுக்கான வடிவத்தைக் கோல்ட் 1964-லிருந்து விற்றது. காப்புரிமை 1977-ல் முடிந்தது.

இங்கேயும் 6-ஆம் கேள்வியில் பார்த்த தாமதம்தான். 1977-க்குப் பின் சில சிறு கம்பெனிகள் வந்தன. 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் இவ்வகை ரைஃபிள்களுக்குக் கூட்டரசுத் தடை இருந்தது. அது காலாவதியான பிறகுதான் சந்தை வெடித்தது. கடைசியில் 2019-ல் கோல்ட்டே, சந்தையில் தேவைக்குப் போதுமான ரைஃபிள்கள் இருக்கின்றன என்று சொல்லிப் பொதுமக்களுக்கான உற்பத்தியைச் சில காலம் நிறுத்தியது. தான் தொடங்கிவைத்த பந்தியில் தனக்கே இலை இல்லாமல் போன கதை.

இவ்வளவு பேர் வரக் காரணம் காப்புரிமை முடிந்தது மட்டும் என்று நான் நம்பவில்லை. ராணுவம் அளவுகளை நிர்ணயித்து வைத்ததால், ஒருவர் குழல் மட்டும் செய்யலாம், ஒருவர் தோளில் அணைக்கும் ஸ்டாக் மட்டும் செய்யலாம், ஒருவர் மற்றவரிடம் வாங்கித் தன் முத்திரையோடு விற்கலாம். அதிலும் கோளாறு உண்டு. பின்புறம் ஸ்டாக் ஏறும் குழாயில் ராணுவ அளவு, வணிக அளவு என்று இரண்டு. விட்ட வித்தியாசம் அரை மில்லிமீட்டர். அளவு மாற்றி வாங்கினால் ஒன்று ஆடும், அல்லது ஏறவே ஏறாது.

9. அப்போ எல்லாரும் ஏஆர்-15, எம்4னு பேரையும் போட்டுக்கலாமா?

பெயர் வேறு சங்கதி. காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. வணிகச் சின்னத்துக்கு, பயன்படுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால், முடிவே இல்லை. 'ஏஆர்-15' கோல்ட்டின் சின்னம். அதனால்தான் மற்றவர்கள் வேறு வேறு எழுத்தும் எண்ணும் கோத்துப் பெயர் வைக்கிறார்கள், அல்லது 'ஏஆர் வகை' என்று சொல்லி நழுவுகிறார்கள்.

'எம்4' அப்படியில்லை. புஷ்மாஸ்டர் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறது என்று கோல்ட் வழக்குப் போட்டது. எம்4 என்பது குறிப்பிட்ட கம்பெனியைச் சுட்டவில்லை, ஒரு வகைக் கார்பைனை, அதாவது குட்டை ரைஃபிளைத்தான் சுட்டுகிறது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-ல் கோல்ட்டுக்கு எதிராகச் சொல்லிவிட்டது. எந்தக் கம்பெனியின் நகல் இயந்திரமானாலும் நாம் 'ஜெராக்ஸ் கடை' என்கிறோமே, அந்த மாதிரிப் பேச்சுதான் சின்னம் வைத்திருக்கும் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுப்பது.

10. பேட்டன்ட் பேப்பர்லதான் படம் போட்டு எழுதியிருக்கே. அதைப் பாத்தே செஞ்சுடலாம்ல?

பட்டறை மாமா கேட்டது இது. நான் பதில் சொல்வதற்குள் அவரே, "டாலரன்ஸ் போட்டிருக்க மாட்டானே?" என்றார். போட்டிருக்க மாட்டான். காப்புரிமைப் படம் யோசனையைக் காட்டும். எந்த எஃகு, எந்தப் பதம், எத்தனை மைக்ரான் தளர்வு என்று உற்பத்தி டிராயிங்கில் இருப்பதெல்லாம் அதில் வராது. யோசனை பொதுச்சொத்தான பிறகும் அந்த டிராயிங் தொழில் ரகசியமாகப் பூட்டிலேயே கிடக்கலாம்.

இது நீதிமன்றத்திலும் வந்தது. கோல்ட்டின் முன்னாள் ஊழியர் ஒருவர் எம்16 பாகங்கள் விற்கத் தொடங்கினார். கோல்ட் தடுத்தபோது அவர் தரப்பு ஒரு கெட்டிக்கார வாதம் வைத்தது. ஒரு கம்பெனியின் பாகம் இன்னொன்றில் பொருந்தத் தேவையான விவரங்களைக் காப்புரிமையிலேயே வெளியிட்டிருக்க வேண்டும். வெளியிடாமல் மறைத்ததால் காப்புரிமையும் செல்லாது, ரகசியமும் செல்லாது என்றார்கள். கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. எந்த நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கேட்பது என்பதிலேயே இழுபறியாகி வழக்கு 1988-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. திரும்பி வந்தபின் 1989-ல் கோல்ட் பக்கம் தீர்ப்பானது: உரிமை கோரியது அந்த வேலைப்பாட்டுக்கு, எல்லாத் துப்பாக்கியிலும் பாகம் மாற்றிப் போடும் அளவுகளை எழுதித்தர வேண்டிய கட்டாயம் இல்லை.

5-ஆம் கேள்வியின் ரூபிச் சிப்பாய் நினைவிருக்கிறாரா? யோசனை எல்லாப் பட்டறைக்கும் தெரிந்திருந்தது. பொது டிராயிங்தான் இல்லை.

11. ஏகே-47க்கு பேட்டன்டே இல்லைங்கறாங்க. அப்புறம் எதுக்கு நாம ரஷ்யாவோட ஒப்பந்தம் போட்டோம்?

சோவியத் முறையில் கண்டுபிடிப்பு அரசுக்குச் சொந்தம். கண்டுபிடித்தவருக்குச் சான்றிதழும் பதக்கமும். ஏகே-யை விற்று ராயல்டி வாங்குவதைவிட, நட்பு நாடுகளுக்கு டிராயிங்கும் இயந்திரமும் கொடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வதுதான் மாஸ்கோவின் கணக்கு. சீனாவின் டைப் 56-ல் இருக்கும் எண்ணே 1956-ஐக் குறிப்பது. பிற்காலத்தில் ரஷ்யா உரிமை கோரி முணுமுணுத்தபோது குதிரைகள் எப்போதோ லாயத்தை விட்டுப் போயிருந்தன.

2021 டிசம்பரில் இந்தியா 6,01,427 ஏகே-203 ரைஃபிள்களுக்கு ஒப்பந்தம் போட்டது. உத்தரப்பிரதேசம் அமேதி மாவட்டத்தின் கோர்வாவில் தயாராகின்றன. இதற்கு ஏன் பணம் என்றால், 10-ஆம் பதிலைப் பாருங்கள். வாங்குவது யோசனையை அல்ல. டிராயிங், கருவிகள், உலோகப் பக்குவம், பயிற்சி, இன்றைய வடிவத்தின் மேம்பாடுகள் எல்லாம் சேர்ந்த மூட்டை. மறுபக்கம், 1966-ல் தொடங்கிய நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை செய்யும் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' ஏகே குடும்பத்து வடிவம்தான். அடிப்படை வேலைப்பாட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய காலம் அப்போதே கடந்துவிட்டது.

12. சின்னச் சின்ன மாத்தம் செஞ்சு பேட்டன்டை இழுத்துக்கிட்டே போக முடியாதா?

புதிய மாற்றத்துக்குப் புதிய காப்புரிமை கிடைக்கும். பழையது அதனால் உயிர்பெறாது. கிளாக் பிஸ்டல் நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரியாவின் காஸ்டன் கிளாக்கிற்கு முதல் அமெரிக்கக் காப்புரிமை 1985-ல். அது உயிரோடு இருந்தபோது ஸ்மித் & வெஸ்ஸன் 1994-ல் சிக்மா என்றொரு பிஸ்டலைக் கொண்டுவர, கிளாக் வழக்குப் போட்டது; 1997-ல் சமரசமாகி ஸ்மித் & வெஸ்ஸன் பணமும் கொடுத்து வடிவத்தையும் மாற்றியது. இன்று அதே வேலையைப் பலர் வெளிச்சத்தில் செய்கிறார்கள். 2024 டிசம்பரில் ரூகர் போன்ற பெரிய கம்பெனியே ஆர்எக்ஸ்எம் என்று ஒன்றை இறக்கியது. ஆனால் எல்லோரும் நகலெடுப்பது மூன்றாம் தலைமுறைக் கிளாக்கை. 2010-ல் வந்த நான்காம் தலைமுறையின் புது அம்சங்கள் பக்கம் போகத் தயங்குகிறார்கள். தலைமுறை எண்ணையே காப்புரிமை நாட்காட்டியாகப் படிக்கலாம்.

மருந்தில் இந்த இழுவை வேலை நம் நாட்டில் பெரிய சண்டையானது. புற்றுநோய் மருந்து கிளிவெக்கின் விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது, உச்ச நீதிமன்றம் 2013-ல் அதை உறுதி செய்தது. அதைப் பேசத் தொடங்கினால் துப்பாக்கிக்குத் திரும்பி வர மாட்டேன்.

13. அரசாங்கமே பேட்டன்டை மீறிச் செஞ்சா யார் கேக்கறது?

கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள், ஜெர்மனியின் மவுசரை நெருக்கமாகத் தழுவியது. மவுசர் கணக்கைக் காட்டியதும் 1905-ல் ஒப்பந்தமாகி, ரைஃபிளுக்கு 75 சென்ட் வீதமும், தோட்டாக்களைக் கோத்துவைக்கும் கிளிப் ஆயிரத்துக்கு 50 சென்ட் வீதமும், மொத்தம் 2 லட்சம் டாலர் வரை அமெரிக்க அரசு கட்டியது. இன்று இரு நாட்டுச் சட்டங்களிலும் அரசு காப்புரிமையைத் தன் தேவைக்குப் பயன்படுத்த வழி இருக்கிறது. நம் சட்டத்தில் 100-ஆம் பிரிவு. உரிமையாளர் இழப்பீடு கேட்கலாம், உற்பத்தியை நிறுத்தச் சொல்வது கடினம்.

14. இதையெல்லாம் வரைஞ்சவங்களுக்குக் கடைசியில என்ன கிடைச்சுது?

ஆளுக்கு ஆள் வேறு. பிரவுனிங்கும் கோல்ட்டும் வசதியாக வாழ்ந்தார்கள். வைட்டின் கதை 4-ல் பார்த்தோம். அமெரிக்க ராணுவத்தின் எம்1 ரைஃபிளை வரைந்த ஜான் கராண்ட் அரசு ஊழியர். உரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்தார். அவருக்கு 1 லட்சம் டாலர் கொடுக்கலாம் என்று வந்த மசோதா நிறைவேறவில்லை. ஏகே-47-ஐ வரைந்த கலாஷ்னிகோவுக்கு ராயல்டி கிடையாது. மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு கண்டுபிடிப்பவர்கள் என்னிடம் வரும்போது, வேலை ஒப்பந்தத்தை எடுத்து வரச் சொல்லி முதலில் அதைத்தான் படிக்கிறேன்.

15. என்ன சொன்னாலும் காப்பி காப்பிதானே சார்? ஒரிஜினல் மாதிரி வருமா?

சில நகல்கள் மட்டம், சில அசலைவிட நேர்த்தி. எது எப்படி என்று சுட்டுப் பார்க்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் 'ஒரிஜினல்' எது என்பதே சில சமயம் குழம்பிவிடும். 7-ல் சொன்ன ஹை-பவரை எஃப்.என். 80 ஆண்டுக்கும் மேல் செய்துவிட்டு, 2018-ல் போதும் என்று நிறுத்தியது. இடம் காலியானதும் துருக்கியின் கிர்சான் ஒன்று செய்தது, 2021-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி எஸ்ஏ-35 என்று ஒன்று செய்து 699 டாலருக்குப் பட்டியலிட்டது. ஓட்டத்தைப் பார்த்த எஃப்.என். 2022-ல் 'ஹை பவர்' என்ற பெயரோடே திரும்பி வந்தது, 1,200 டாலருக்கு மேல்.

திரும்பி வந்தது உள்ளே புதிய வடிவம். பழைய ஹை-பவரின் மேகசின் அதில் ஏறாது. தாத்தா காலத்து எஃப்.என். மேகசினை இன்று புதிதாக வாங்கிய பிஸ்டல் ஒன்றில் சொருக வேண்டுமென்றால், ஸ்பிரிங்ஃபீல்டின் எஸ்ஏ-35 போன்ற ஒரு நகலைத்தான் வாங்க வேண்டும்.